கூட்டத்துக்கு வராதவர்கள்: உள்ளூர்ப் பாதுகாப்பும் மக்கள் கருத்துக் கேட்பும்

குற்றத் தடுப்பு பற்றி மக்களிடம் கருத்துக் கேட்பது நல்லது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆட்சியாளர்கள், காவல்துறை உயரதிகாரிகள், மனித உரிமை அமைப்புகள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் என எல்லாத் தரப்பும் தலையாட்டும் அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு பேர் ஒருமித்துத் தலையாட்டுவதே சற்று நின்று பார்க்கத் தூண்டுகிறது. கருத்துக் கேட்பு என்ற பெயரில் நடப்பவை ஒன்றுக்கொன்று முரணான காரியங்கள். ஓர் ஊரில் அது காவல்துறையைக் கேள்வி கேட்கும் மேடை. இன்னோர் ஊரில் காவல்துறைக்குக் கூடுதல் கண்ணும் காதும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. மூன்றாவது ஊரில், பலமுள்ளவர் கேட்டதைப் பலமில்லாதவரிடம் எழுதி வாங்கும் சடங்கு.

இக்கட்டுரை ஒரே கேள்வியைத்தான் பின்தொடர்கிறது: பாதுகாப்பு பற்றி அரசு மக்களைக் கேட்கும்போது, யாருடைய அச்சம் அச்சமாகப் பதிவாகிறது? கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள் என்ற வழக்கமான அளவுகோல்கள் இதற்கு உதவா. யார் அழைக்கப்பட்டார்கள், எது பேச்சுக்கு உட்பட்டது, எது உட்படாதது என்பவற்றைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அனுபவமே முதன்மைக் களம். கருத்துக் கேட்பைச் சட்டக் கடமையாகவே ஆக்கிய பிரிட்டனின் அனுபவம் ஒப்பீட்டுக்காக.

பிரிக்ஸ்டனில் கேட்காமல் விட்டது

1981 ஏப்ரலில் தென் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் ‘ஸ்வாம்ப் 81’ என்ற பெயரில் காவல்துறை ஒரு நடவடிக்கையில் இறங்கியது. வழிப்பறியையும் வீடு புகுந்து திருடுவதையும் ஒடுக்குவது நோக்கம். சீருடை அணியாத காவலர்கள் சில நாட்களில் 943 பேரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். கைதானவர்கள் 118 பேர். நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பங்கு கறுப்பின இளைஞர்கள். அந்த வார இறுதியிலேயே பிரிக்ஸ்டன் பற்றியெரிந்தது.

விசாரணை நடத்திய ஸ்கார்மன் பிரபு அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை தந்தார். அதில் குறிப்பிடத்தக்க செய்தி, நடவடிக்கை பற்றி அப்பகுதிப் பிரமுகர்களிடம் பேசவில்லை என்பதோடு முடியவில்லை. அந்தத் தெருக்களில் அன்றாடம் நடந்து மக்களை முகம் பார்த்து அறிந்திருந்த ரோந்துக் காவலர்களிடமும் கலந்தாலோசிக்கவில்லை. ஊரை அறிந்தவர்களைத் துறைக்குள்ளேயே கேட்காதவர்கள் வெளியே கேட்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஸ்கார்மனின் பரிந்துரை 1984ஆம் ஆண்டு காவல், குற்றச் சான்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவானது. ஒவ்வொரு பகுதியிலும் காவல் பணி பற்றி மக்கள் கருத்தை அறிய ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது அது. நாடெங்கும் ஆலோசனைக் குழுக்கள் முளைத்தன. அவற்றை ஆராய்ந்த ராட் மார்கன் கண்டது உற்சாகமூட்டுவதாக இல்லை. வந்தவர்கள் பெரும்பாலும் நடுவயது கடந்த, ஏற்கெனவே ஏதோவொரு சங்கத்தில் பொறுப்பு வகிக்கும் மரியாதைக்குரியவர்கள். காவல்துறையிடம் கசப்பான அனுபவம் உள்ளவர்கள் வரவில்லை. காவலர்கள் குழுவிடம் கற்றுக்கொண்டதைவிடக் குழுவுக்குப் பாடம் நடத்தியதே அதிகம்.

ஆனால் பிரிக்ஸ்டன் அடங்கிய லாம்பெத் வட்டாரத்துக் குழு இதில் தனித்து நிற்கிறது. அங்கே கூட்டங்கள் சத்தமும் சண்டையுமாக நடந்தன. சாதாரணக் குடிமக்கள் முன்னறிவிப்பு இல்லாமல் காவல் நிலையத்துக்குள் போய், லாக்கப்பில் இருப்பவரைப் பார்த்துப் பேசி அறிக்கை தரும் ஏற்பாட்டுக்கு முன்னோடியானதும் அந்த வட்டாரந்தான். கருத்துச் சொல்லும் இடத்திலிருந்து கண்காணிக்கும் இடத்துக்கு மக்கள் நகர்ந்தார்கள். ஏனைய பல குழுக்களின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை.

பின்னர் 1998ஆம் ஆண்டுக் குற்ற, ஒழுங்கீனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. உள்ளாட்சி மன்றமும் காவல்துறையும் சேர்ந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை தம் பகுதிக் குற்றநிலையைத் தணிக்கை செய்து, வெளியிட்டு, மக்கள் கருத்துக் கேட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அதன் 17ஆம் பிரிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூங்கா, வீட்டுவசதி, தெருவிளக்கு என எந்த வேலையைச் செய்தாலும் அது குற்றத்தை எப்படிப் பாதிக்கும் என்று உள்ளாட்சி மன்றம் யோசித்தாக வேண்டும். கேட்பதற்கு அப்பால், கேட்டதைச் செய்ய அதிகாரமுள்ள அமைப்பிடம் பொறுப்பைக் கட்டிய விதி அது. மூன்றாண்டுத் தணிக்கை முறை பிறகு மாற்றப்பட்டுவிட்டது. 2012இல் காவல், குற்ற ஆணையர்களைத் தேர்தல் வழியே தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் மட்டுமே. அதிகாரத்தின் உயரத்தில் மக்களை உட்காரவைக்கப் போய், தெருவில் இருந்த பேச்சைத் தொலைத்த கதை இது.

ஏற்கெனவே உள்ள வாசிப்புகள்

கருத்துக் கேட்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இரண்டு வாசிப்புகள் மேலோங்கி நிற்கின்றன. ஒன்று, நிர்வாக வாசிப்பு: மக்களுக்கும் காவலருக்கும் இடையே அவநம்பிக்கை இருக்கிறது, பழக்கம் வந்தால் அது தீரும். இந்த வாசிப்பைச் சொல்பவர்கள் 1829இல் லண்டன் காவல்துறையை நிறுவிய ராபர்ட் பீலின் ஒன்பது கொள்கைகளை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை. அவற்றைப் பீல் எழுதியதற்குச் சான்று இல்லை, இருபதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் தொகுத்தவை அவை என்று ஆய்வாளர்கள் காட்டிய பிறகும் மேற்கோள் நிற்கவில்லை.

மற்றது விமர்சன வாசிப்பு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தபோது, கலந்தாலோசனையை நான்காவது படியில், ஒப்புக்குச் செய்யும் பங்கேற்புகளின் வரிசையில் வைத்தார். முடிவெடுக்கும் உரிமை கைமாறாத வரை கேட்பது வெறும் கேட்பே என்பது இதன் சாரம்.

சிகாகோ அனுபவம் இரண்டையுமே கொஞ்சம் அசைக்கிறது. 1993இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், ஒவ்வொரு ரோந்துப் பகுதியிலும் மாதந்தோறும் மக்களும் அப்பகுதிக் காவலர்களும் கூடினார்கள். வெஸ்லி ஸ்கோகன் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வசதியான பகுதிகளில்தான் கூட்டம் சேரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. குற்றம் மிகுந்த கறுப்பினப் பகுதிகளில் ஆட்கள் அதிகம் வந்தார்கள். ஆனால் மொழித் தடையும் காவல்துறை மீதான அச்சமும் இருந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் குறைவாகவே வந்தார்கள். சொந்த வீடு உள்ளவர்களின் குரலே ஓங்கியது. ஆக, வராமை அக்கறையின்மையால் மட்டும் நேர்வதில்லை. எங்கே, எந்த மொழியில், யார் முன்னிலையில் கேட்கிறோம் என்பது அதைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் கேட்கப்படும் இடங்கள்

நம்மூரில் காவல்துறை நடத்தும் பொதுமக்கள் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரியும். கல்யாண மண்டபம் அல்லது பள்ளி அரங்கம். முன்வரிசையில் வணிகர் சங்கத் தலைவர், நலச் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற அலுவலர்கள். ஆய்வாளருக்குச் சால்வை. பிறகு கோரிக்கைகள்: வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள், முனைக் கடையில் பையன்கள் கூடி நிற்கிறார்கள், இரவில் பைக் ரேஸ், பூட்டிய வீட்டுக்கு ரோந்து வேண்டும், புதிதாக வந்திருக்கும் வடமாநிலத்தவர்கள் யார் என்று விசாரிக்க வேண்டும். இவற்றில் பல நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் முனைக் கடையில் நிற்கும் பையனோ, எட்டுப் பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் பீகார்த் தொழிலாளியோ அந்த மண்டபத்தில் இல்லை. அவர்களைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, அவர்களோடு நடப்பதில்லை.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து, வீட்டு உரிமையாளர்கள் வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. பொதுமக்கள் ஒத்துழைப்பு என்றே அது அறிவிக்கப்பட்டது. ஒத்துழைத்தவர் வீட்டுக்காரர், தகவலானவர் வாடகைக்காரர். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது நிலைமை தலைகீழானது. காவலர்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தாமே போய், இந்தியில் பேசி, உதவி எண் கொடுத்தார்கள். அதாவது, போய்க் கேட்க முடியும். தேவை வந்தபோது செய்தும் காட்டினார்கள். அதை வழக்கமாக்கவில்லை என்பதே குறை.

மண்டபத்துக்கு வராத இன்னொரு பெருங்கூட்டம் வீட்டுக்குள் அடிபடும் பெண்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை எதிர்கொண்டவர்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினரே யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். சங்கிலிப் பறிப்பைப் பற்றி எழுந்து பேசலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பற்றி எழுந்து பேச முடியாது. 1992இல் ஆயிரம் விளக்கில் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலம் இது. பொது மண்டபத்தில் எல்லாவற்றையும் பேசிவிட முடியாது என்பதை அரசு என்றோ உணர்ந்திருந்தது.

காவலரின் நண்பரா, காவலைக் காண்பவரா?

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற பங்கேற்புத் திட்டம் ‘போலீஸ் நண்பர்கள் குழு’. 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் விரிந்தது. மக்களிடையே அச்சத்தைப் போக்குவது, தகவல் பரிமாற்றம், போக்குவரத்தும் திருவிழாக் கூட்டமும் ஒழுங்குபடுத்த உதவி ஆகியவை அதன் பணிகள். கேரளத்தில் 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில் காவலர் வீடு வீடாகப் போய் மக்களை அறிய வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கேரளக் காவல் சட்டம் மக்கள் தொடர்புக் குழுக்களுக்குச் சட்டத்தில் இடமும் தந்தது. தமிழ்நாட்டுத் திட்டம் நிர்வாக ஆணைகளையே சார்ந்து நின்றது. தன்னார்வலர்கள் காவலரைத் தேடி வந்தார்கள். யார் வருவார், வந்தவர் என்ன செய்யலாம் என்பது நிலைய அதிகாரியைப் பொறுத்தே அமைந்தது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். தன்னார்வலர்களும் உடனிருந்து தாக்கினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் தம் அமைப்பினர் அல்லர் என்று இயக்கத் தரப்பு மறுத்தது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் காவலர்கள். ஆனால் தடைவிதிக்கப்பட்டது போலீஸ் நண்பர்கள் குழுவுக்கு, ஜூலையில் மாநிலமெங்கும். காவலர் செய்த குற்றத்துக்குப் பிறகு மக்கள் பங்கேற்பை நிறுத்தியது விசித்திரமான முடிவு என்று தோன்றலாம். எனக்கு அது அத்திட்டத்தின் வடிவத்தையே காட்டிக்கொடுப்பதாகப் படுகிறது. நிலையத்துக்குள் இருந்த குடிமகன் அங்கே நடப்பதைப் பார்த்து வெளியே சொல்ல வந்தவர் அல்லர், உதவிக்கு நின்றவர். லாம்பெத்தில் குடிமகன் லாக்கப்பைச் சோதிக்க உள்ளே போனான். நம்மூரில் காவலுக்குத் துணைக்கை கொடுக்க உள்ளே போனான்.

கேமரா விஷயத்திலும் இதே கோணல். சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் வணிகர்களும் குடியிருப்போரும் தம் செலவில் தெருவெங்கும் கேமரா வைத்தார்கள். துப்புத் துலக்க அவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. சாத்தான்குளம் நிலையத்தில் விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் எழுதிய செய்தியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: அங்கிருந்த பதிவுக் கருவியில் ஒரு டெராபைட் இடமிருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துவிடும்படி அமைத்து வைத்திருந்தார்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டி.கே. பாசு வழக்கின் 2015ஆம் ஆண்டு உத்தரவில் காவல் நிலையங்களுக்கும் அலுவல்சாராப் பார்வையாளர்களை நியமிப்பது பற்றி அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. எந்தப் பொதுமக்கள் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இந்த இரண்டும் இடம்பெறுவதில்லை.

காவலர்மீது புகார் சொல்ல ஓர் ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006இலேயே தீர்ப்பானது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கியது. புகார் கேட்பவரும் புகாருக்குள்ளான துறையை நடத்துபவரும் ஒரே அரசு.

அமைதிப் பேச்சுவார்த்தை

தமிழ்நாட்டில் பாதுகாப்பு பற்றிய கருத்துக் கேட்பின் உண்மையான, மிகப் பழகிப்போன வடிவம் இதுவரை சொன்ன எதுவுமல்ல. அது வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தை. தேர், திருவிழா, கொடிக்கம்பம், சுடுகாட்டுப் பாதை என்று எதில் பதற்றம் வந்தாலும் ‘இரு தரப்பு முக்கியஸ்தர்கள்’ அழைக்கப்படுவார்கள். மேசையின் ஒரு பக்கம் வருவாய்த் துறை, மறுபக்கம் துணைக் கண்காணிப்பாளர். பேச்சு முடிந்ததும் கையெழுத்து. மறுநாள் செய்தித்தாளில் சுமுக முடிவு எட்டப்பட்டதாக ஒரு பத்தி. குற்றம் நிகழாமல் தடுப்பதே இதன் நோக்கம் என்பதால் இதைக் குற்றத் தடுப்புக் கலந்தாய்வாகவே ஆராய வேண்டும். சமூகக் காவல் பற்றிய எழுத்துகள் இதைக் கண்டுகொள்ளாதது பெரிய இடைவெளி.

இரண்டு நிகழ்வுகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிரான போராட்டத்தை ஒட்டி ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்திருந்த நேரம். நாவலாசிரியர் பெருமாள்முருகன் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்கவும் நூல் படிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். சட்டம் ஒழுங்கு காப்பாற்றப்பட்டது. தாம் எழுத்தாளராக இறந்துவிட்டதாக அறிவித்துவிட்டார் அவர். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மற்றொரு கதை. 1996இல் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டபின் பத்தாண்டுகள் இவற்றில் முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனு தாக்கலாகாது, அல்லது வென்றவர் உடனே விலகிவிடுவார். 2006இல் ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர்களுக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது. தலைவர்கள் பதவியிலும் அமர்ந்தார்கள். 2021 அக்டோபர் 2 கிராம சபைக்கு முதலமைச்சர் பாப்பாபட்டிக்குப் போனதன் பின்னணி இதுவே.

இரண்டும் பேச்சுவார்த்தைதான், இரண்டிலும் வன்முறை அச்சம் இருந்தது, இரண்டிலும் அதிகாரிகள் இரு தரப்பையும் கேட்டார்கள். வேறுபாடு மேசையில் வைக்கப்பட்ட பொருளில் இருக்கிறது. நாமக்கல்லில் எழுதும் உரிமையே பேரத்துக்கு வைக்கப்பட்டது. பாப்பாபட்டியில் ஒதுக்கீடு பேரத்துக்கு அப்பாற்பட்டதாக முதலிலேயே வெளியே வைக்கப்பட்டது. அதை எப்படி நிறைவேற்றுவது என்பது மட்டுமே பேசப்பட்டது. பலமுள்ளவர் மிரட்டலை ‘பொதுமக்கள் கருத்து’ என்று பதிவுசெய்யும் ஆபத்து முன்னதில் உண்மையானது. பின்னதிலும் அழுத்தம் இல்லாமலில்லை, ஆனால் அரசு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதே மாவட்டத்து மேலவளவை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அங்கேயும் 1996இல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டது, தேர்தல் தடைபட்டு, பிறகு காவல் பாதுகாப்போடு நடந்தது. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அச்சம் அரசுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கவில்லை. தெரிந்த அச்சத்துக்கு ஏற்ற காவல் தொடரவில்லை.

ஏற்கெனவே உள்ள ஒரு குழு

இங்கே ஒரு முரண். மக்கள் பிரதிநிதிகளையும் பாதிக்கப்படும் தரப்பினரையும் உட்காரவைத்துக் குற்றத் தடுப்பைப் பேச வேண்டும் என்று சட்டமே ஏற்கெனவே விதித்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும் என்கிறது. 17ஆம் விதியின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களோடு பட்டியலினத்தைச் சேர்ந்த அலுவலர்களும் அலுவல்சாரா உறுப்பினர்களும் அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். அந்த மாநிலக் குழுவோ பல ஆண்டுகள் கூடாமல் கிடந்து 2021 ஆகஸ்டில்தான் மீண்டும் கூடியது.

அமைதிப் பேச்சுவார்த்தைக்கு இப்படி ஒரு சட்ட வடிவமில்லை. ஆனால் பதற்றம் என்றதும் அதுதான் கூட்டப்படுகிறது. இரண்டிலும் உட்காரும் அதிகாரிகள் ஏறக்குறைய அவர்களே. ஒன்றில் பாதிக்கப்படும் தரப்பு உறுப்பினர். மற்றொன்றில் ‘ஒரு தரப்பு’. அதிகாரிகளுக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை.

விளக்குக் கம்பமும் மதுக்கடையும்

காவல் என்பது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அரசமைப்பின் 11ஆம் அட்டவணை ஊராட்சிகளுக்குச் சொல்லும் 29 பொருள்களிலோ 12ஆம் அட்டவணை நகராட்சிகளுக்குச் சொல்லும் 18 பொருள்களிலோ காவல் இல்லை. ஆனால் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவை 12ஆம் அட்டவணையில் பெயர் சொல்லியே இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது முதலில் இவைதான். 1989இல் கனடாவின் டொரண்டோவில் பெண்கள் இருட்டியபின் சேர்ந்து நடந்து, எங்கே விளக்கில்லை, எங்கே மறைவான மூலை, கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்று குறித்துக்கொண்டு நகராட்சியிடம் கொடுத்தார்கள். உலகெங்கும் பின்பற்றப்பட்ட பாதுகாப்புத் தணிக்கை முறை அப்படித்தான் பிறந்தது. மண்டபத்தில் கேட்பதைவிட அந்த நடை தரும் தகவல் துல்லியமானது. கேட்ட குறையைத் தீர்ப்பவர் யார் என்பதும் தெளிவாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகர்ப்புறங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் அதே ஆண்டு விதிகளாக வந்தன. மேடைக்குப் பஞ்சமில்லை. எழுகிற கோரிக்கை அரசின் வருமானத்தைத் தொடும்போது என்ன ஆகிறது என்பதில்தான் சோதனை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தபின், டாஸ்மாக் கடைகள் குடியிருப்புகளுக்குள் நகர்ந்தன. 2017இல் மாநிலமெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். தம் ஊரில் குற்றம் எங்கிருந்து கிளம்பும் என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலில் ஈடுபட்ட பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

ஆகவே இனி அமையும் எந்தக் கருத்துக் கேட்புத் திட்டத்தையும் சில எளிய கேள்விகளால் சோதிக்கலாம். காவலரால் அடிக்கடி நிறுத்தப்படுபவர்களிடம் யார் போய்க் கேட்டார்கள்? 17ஆம் விதிக் குழு கடந்த காலாண்டில் கூடியதா, அதன் நடவடிக்கைக் குறிப்பு வெளியானதா? சென்ற கிராம சபையில் கேட்ட விளக்குக் கம்பத்துக்கும் மூடச் சொன்ன கடைக்கும் என்ன பதில் என்பது இந்தக் கூட்டத்தின் முதல் பொருளாக வாசிக்கப்பட்டதா? காவல் நிலையக் கேமராவின் பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்க அங்கே ஒருவருக்காவது இடமுண்டா? சால்வை போர்த்தும் கூட்டங்களின் அழைப்பிதழ்களில் இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் மனுப்போட்டு விடை தேடலாம். ஆய்வாளர்கள் தொடங்க வேண்டிய இடம் அது.